கை தெரிந்தது, முகம் தெரியவில்லை

இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. "மேடம், இது டெக்ஸ்ட்ரோகார்டியா கேஸா?"

டெக்ஸ்ட்ரோகார்டியா என்றால் இதயம் வலது பக்கம் அமைந்திருப்பது. அன்று மாலை, நோயாளியைப் பரிசோதிப்பது எப்படி என்று காட்ட என் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு நான் அனுப்பிய வீடியோவில் படுத்திருந்தவன் என் சொந்தத் தம்பி. அவனுக்கு இதயம் இருக்க வேண்டிய இடத்தில், இடது பக்கம்தான் இருக்கிறது. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் கை அவனுடைய வலது மார்பில் இதயத் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தது. நானும் கட்டிலின் தப்பான பக்கத்தில் நின்றிருந்தேன். பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தேதி இடவலமாகத் திரும்பியிருந்தது. ஃபிரேம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே எடுக்க வசதியாக செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறேன். என் போன் அதைக் கண்ணாடியில் தெரிவது போலவே சேமித்துவிட்டது.

அறுபது பேர் அதைப் பார்த்திருந்தார்கள். கேள்வி கேட்டது ஒரே ஒரு பெண். மற்றவர்கள் கவனிக்கவில்லையா, கவனித்தும் மேடத்திடம் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து படமெடுக்கும்போது எழுத்துள்ள ஏதாவது ஒன்றை மூலையில் வைத்துவிடுவேன். நாள்காட்டியோ, மஞ்சப்பையோ, எதுவாக இருந்தாலும் சரி.

இது 2020 ஏப்ரலில் நடந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. மாணவர்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. நான் பொது மருத்துவத் துறையில் ஆசிரியர். காரைக்குடியில் குடியிருந்துகொண்டு கல்லூரிக்குப் போய்வருபவள். பாடத்தை ஜூமில் எடுத்துவிடலாம், அதில் பெரிய சிரமம் இல்லை. நோயாளியின் வயிற்றில் கைவைத்து மண்ணீரலைத் தேடுவதை எப்படி எடுப்பது? வழக்கமாக ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நிற்பார்கள், நான் ஒருவர் கையைப் பிடித்து "இங்கே, இப்படி, இவ்வளவு அழுத்து" என்று காட்டுவேன். அந்தக் கையைப் பிடிப்பது போய்விட்டது.

நாங்கள் இருப்பது பழைய செட்டியார் வீடொன்றின் ஒரு பகுதி. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பட்டாலை, வளவு என்கிற உள்முற்றம், உயரமான கூரை, முட்டை வெள்ளை கலந்து பூசிய வழவழப்பான சுவர், தரையில் ஆத்தங்குடிக் கல். இதைவிட அழகான ஸ்டுடியோ யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். படமெடுப்பதற்கு இதைப் போல மோசமான இடமும் கிடையாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது.

முதலில் எதிரொலி. அந்தச் சுவரும் அந்த உயரமும் சேர்ந்து, நான் பேசியது கோயில் மண்டபத்தில் அறிவிப்பு செய்வது போலக் கேட்டது. இரண்டு மெத்தைகளைச் சுவரில் சாத்தி, கொடியில் நாலைந்து பருத்திச் சேலைகளைத் தொங்கவிட்ட பிறகு அடங்கியது. அடுத்தது தரை. ஆத்தங்குடிக் கல்லில் பூவும் கட்டமுமாக எத்தனை வேலைப்பாடு! வீடியோவை வாட்ஸ்அப் சுருக்கும்போது அந்த வேலைப்பாட்டைக் காட்டுவதிலேயே பாதி செலவாகி, காட்ட வேண்டிய கை மசமசவென்று ஆகிவிடுகிறது. கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி, தரை தெரியாமல், பின்னால் ஒரு வெறும் வெளிர்நீல விரிப்பு. அவ்வளவுதான், அதே போனில் எடுத்த படம் இரண்டு மடங்கு தெளிவாக வந்தது.

மூன்றாவது, டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது. போன் கேமராவோ பெரும்பாலும் நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் எடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் படம் மெல்லத் துடிக்கும். சமையல் வீடியோவில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கழுத்துச் சிரையின் துடிப்பைக் காட்டும் வீடியோவில் படமே துடித்தால் என்ன செய்வது? மாணவர்கள் டியூப்லைட்டைப் பார்த்து ஜேவிபி, அதாவது கழுத்துச் சிரையின் அழுத்தம், சொல்லிக்கொண்டிருந்தார்கள். நொடிக்கு 25 படம் என்று மாற்றினால் சரியாகிவிடும், மாற்ற வழியில்லாத போன் என்றால் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

இங்கேதான் வீடு கை கொடுத்தது. கழுத்துச் சிரையைப் பார்க்க வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். நேராக விழுந்தால் நிழலே இருக்காது, துடிப்பும் தெரியாது. காலை எட்டு மணிக்கு வளவில் விழும் சாய்வெயில் அதற்காகவே செய்தது போல இருந்தது. வீட்டுக்காரர்கள் விட்டுப்போன நீளக்கை சாய்வு நாற்காலி ஒன்று உண்டு. குச்சியை மாற்றி மாற்றி வைத்து சாய்மானத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பாடப்புத்தகம் சொல்லும் 45 டிகிரியில் தம்பியை உட்கார வைத்தேன். ஆரோக்கியமான ஆளுக்கு அந்தச் சாய்வில் கழுத்தெலும்புக்கு மேல் பெரிதாக ஒன்றும் எட்டிப் பார்க்காது. குச்சியை ஒரு படி தள்ளி இன்னும் சாய்த்தவுடன் சிரை மேலே ஏறி இரண்டு அலையாக ஆடியது. மறுபடி நிமிர்த்தினால் இறங்கியது. விரலால் தொட்டால் துடிப்பு தட்டுப்படவில்லை, பக்கத்தில் கரோட்டிட் தமனி மட்டும் நன்றாகத் தட்டுப்பட்டது. சிரைக்கும் தமனிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாற்காலியும் ஒரு குச்சியும் காட்டிவிட்டன. இதுவரை நான் எடுத்ததில் உருப்படியான வீடியோ எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வார்டில் பத்துப் பேர் எட்டிப் பார்க்கும்போது பின்னால் நிற்பவனுக்குக் கழுத்தே தெரியாது. இதில் ஒவ்வொருவனும் முதல் வரிசை, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நல்ல வீடியோக்கள் இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கின்றனவே, நீங்கள் ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய 'ஸ்டான்ஃபோர்ட் மெடிசின் 25' வீடியோக்களை நானே மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ஸ்கேன் வந்த பிறகு கட்டிலருகே நின்று நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது குறைந்துவருகிறது என்ற கவலையில் பிறந்த முயற்சி அது. ஆனால் அந்த வீடியோக்களை மட்டும் பார்த்துப் பழகி வந்த ஒரு பையன், கல்லூரி திறந்தபின் வார்டில் செய்ததைச் சொல்கிறேன்.

நுரையீரலைப் பரிசோதிக்கும்போது நோயாளியைப் பேசச் சொல்லி, நெஞ்சுச் சுவரில் அதிர்வு எப்படி வருகிறது என்று கையால் உணர வேண்டும். ஆங்கிலத்தில் 'நைன்டி நைன்' என்று சொல்லச் சொல்வார்கள். இவன் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவரின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "ஆச்சி, தொண்ணூத்தொன்பது சொல்லுங்க" என்றான்.

ஆச்சி திரும்பிப் பார்த்தார். "யாருக்குப்பா தொண்ணூத்தொன்பது? எனக்கு எழுபத்தொண்ணுதான் ஆகுது."

வார்டே சிரித்தது. அவன் காது சிவந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் 'ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் ஆசிரியர்கள் சொன்னதைக் கேட்டு வந்தது. கையை எங்கே வைப்பது என்பது பரிசோதனையில் பாதி. நோயாளியிடம் என்ன சொல்லி அதைச் செய்ய வைப்பது என்பது மறுபாதி. 'ரிலாக்ஸ் யுவர் அப்டமன்' என்பதைப் பையன்கள் 'வயிற்றைத் தளர்வாக விடுங்கள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அதைக் கேட்டதும் நோயாளிக்கு வயிறு இன்னும் இறுகிக்கொள்கிறது. 'முழங்காலை மடக்கிக்கங்க, வாயைத் தொறந்து மூச்சு விடுங்க' என்றால் தளர்வு தானாக வரும். முகத்தசை நரம்பைப் பார்க்க 'பல்லைக் காட்டுங்க, கன்னத்தை உப்புங்க, கண்ணை இறுக்கி மூடுங்க, நான் தொறக்கப் பாக்கறேன், விடாதீங்க.' அதற்குப் பிறகு எடுத்த எல்லா வீடியோவிலும் நோயாளியிடம் பேசும் வசனத்தையும் சேர்த்தேன். விளக்கம் ஆங்கிலச் சொற்களோடு தனியாக ஓடும், நோயாளியிடம் பேசுவது மட்டும் நம் ஊர்த் தமிழில் இருக்கும்.

சரி, இனி என் தவறுகளில் பெரியதுக்கு வருகிறேன்.

மாணவர்கள் வார்டுக்குத் திரும்பியபோது எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. வயிற்றைப் பரிசோதிப்பதில் கை நன்றாகவே போயிற்று. வலது அடிவயிற்றில் ஆரம்பித்து, மூச்சோடு மூச்சாக இடது விலாவை நோக்கி ஏறிக்கொண்டே மண்ணீரலைத் தேடினார்கள். விலாவுக்குக் கீழேயே ஆரம்பித்தால், மிகப் பெரிதாக வீங்கிய மண்ணீரலின் விளிம்பு நம் கைக்குக் கீழே எங்கோ இருக்கும், நாம் அதன் மேலேயே கைவைத்துக்கொண்டு 'ஒன்றுமில்லை' என்போம். அந்தத் தப்பு யாரும் செய்யவில்லை. நான்காவது நோயாளிக்கு வலது பக்கம் வலி. பையன் கை வைத்தான், அழுத்தினான், நகர்ந்தான். அந்த மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். பையன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவளும் அப்படித்தான். அதற்கடுத்தவனும்.

வயிற்றைத் தொடும்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று வாய் சொல்வதற்கு முன்னால் முகம் சொல்லிவிடும். இதை நான் இருபது வருடமாகக் கட்டிலருகே நின்று சொல்லிவருகிறேன். அந்த பேட்ச் மட்டும் ஏன் ஒட்டுமொத்தமாகக் கோட்டைவிட்டது? வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டேன். தம்பியின் வயிறும் என் கையும் மட்டும் இருந்தன. முகம் வெளியே தெரிய வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதால், நெஞ்சோடு ஃபிரேமை வெட்டியிருந்தேன். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்திருந்தேன். ஆனால் என் முகமும் ஃபிரேமுக்கு வெளியே. வீடியோவில் எது இல்லையோ அது மாணவர்களின் பரிசோதனையிலும் இல்லை.

இதே போல இன்னொன்று. கால் வீக்கத்தைப் பார்க்க முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பொறுமையாகப் பத்து விநாடியாவது காத்திருந்து விரலை எடுக்க வேண்டும். அப்போதுதான் குழி விழுகிறதா என்று தெரியும். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எடிட்டிங் அவள் பொறுப்பு. "அம்மா, இந்த இடத்துல ஒண்ணுமே நடக்கல, போர் அடிக்குது" என்று அந்தப் பத்து விநாடியை வெட்டிவிட்டாள். எனக்கும் படம் விறுவிறுப்பாக இருப்பதாகத்தான் பட்டது. வார்டில் அத்தனை பேரும் காலை ஒரு விநாடி அமுக்கிவிட்டு 'நோ எடிமா மேடம்' என்றார்கள். எதிரே கால் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கிறது.

அந்த இரண்டையும் திரும்ப எடுத்தேன், இந்தத் தடவை முகம் தெரிய தம்பியும் சம்மதித்தான். வயிற்றுப் பரிசோதனையை இப்போது இரண்டு போனில் எடுக்கிறோம். ஒன்று கைக்கு மேலே, மாணவன் நிற்கும் இடத்திலிருந்து, அவன் கண்ணுக்குத் தெரிவது போலவே. மற்றொன்று கால்மாட்டிலிருந்து, படுத்திருப்பவர் முகமும் என் முகமும் சேர்ந்து தெரியும்படி. இடையில் தம்பியிடம் சொல்லிவைத்து ஒரு இடத்தில் முகம் சுளிக்கச் சொன்னேன். "எந்த நொடியில் வலித்தது?" என்பதுதான் வீடியோவின் முடிவில் வரும் கேள்வி. கையையே பார்த்துக்கொண்டிருந்தால் பதில் சொல்ல முடியாது. கால் வீக்க வீடியோவில் பத்து விநாடியும் அப்படியே ஓடுகிறது. மூச்சை எண்ணும் வீடியோவில் முழு ஒரு நிமிடம். போரடிக்கட்டும். அந்த நேரத்தை வெட்டினால் பரிசோதனையையே வெட்டியது போல.

நான் எவ்வளவு நன்றாக எடுத்தாலும் வீடியோவுக்கு எட்டாத சங்கதிகள் சில உண்டு. கை எவ்வளவு அழுத்துகிறது என்பது திரையில் தெரியாது. சமையலறைத் தராசில் மடித்த துண்டை வைத்து, 'மெதுவாக' என்றால் எவ்வளவு என்று அழுத்திக் காட்டச் சொன்னேன். ஒருத்திக்கு இருநூறு கிராமுக்குள் நின்றது, ஒருவனுக்கு ஒரு கிலோவைத் தாண்டியது. இருவரும் ஒரே வீடியோவைப் பார்த்தவர்கள். அப்புறம் கையின் குளிர்ச்சி. கொரோனா காலத்தில் சானிட்டைசர் போட்ட கையோடு வயிற்றைத் தொட்டால், ஐஸ் பட்டது போல நோயாளி வயிற்றை எக்கிக்கொள்வார். அதைத் தசை இறுக்கம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள் என்று வாயால் சொல்லலாம். குளிர் என்னவோ நோயாளிக்குத்தான் தெரியும்.

இதயம், நுரையீரல் ஒலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போன் ஸ்பீக்கரில் கேட்க வைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். இதய ஒலிகளின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது, சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. மைட்ரல் வால்வு சுருக்கத்தின் உறுமல் சுத்தமாகக் காணாமல் போகும். வீடியோ அழைப்பில் இன்னும் மோசம், அந்தச் செயலி இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று இதயத் துடிப்பையே நீக்கிவிடும். பதிவு செய்த கோப்பைக் கொடுத்து நல்ல ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். தாளத்தை மட்டும் மேசையில் தட்டிக் காட்டலாம், லப்-டப்புக்குப் பின்னால் மூன்றாவது தட்டு எங்கே விழுகிறது என்பதற்கு அது போதும்.

என் முறையைத் திருப்பிப் போட வைத்தது ஒரு ஜூம் வகுப்பு. பெய்ட்டன் என்பவர் 1998-இல் எழுதிய நான்கு படி முறை ஒன்று உண்டு. முதலில் ஆசிரியர் பேசாமல், இயல்பான வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, விளக்கிக்கொண்டே செய்வது. மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. நான்காவது, மாணவரே செய்வது. முதல் இரண்டும் வீடியோவுக்குப் பொருந்தும். மூன்றாவதை ஜூமில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. தம்பி படுத்தான். மாணவி ஒருத்தி சொல்லத் தொடங்கினாள்.

"கையை வைங்க மேடம்."

தம்பியின் முழங்காலில் வைத்தேன்.

"அங்க இல்ல மேடம், வயித்துல."

தொப்புள் மேல் வைத்தேன், விரல்களை விறைப்பாக நிமிர்த்தி. அவள் யோசித்தாள். "ரைட் இலியாக் ஃபோசால, மேடம். உள்ளங்கை படுற மாதிரி. விரல் நுனியால குத்தக் கூடாது." ரைட் இலியாக் ஃபோசா என்றால் வலது அடிவயிறு. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு சொல்லாக அவள் பரிசோதனையைக் கட்டி எழுப்பினாள். சொல்லாத எதையும் நான் செய்யவில்லை. மூச்சை இழுக்கச் சொல்ல அவள் மறந்த வரைக்கும் என் கை அப்படியே கிடந்தது. இருபது நிமிடம் ஆயிற்று, தம்பி தூங்கிவிட்டான். என் பத்து வீடியோக்களால் அந்தப் பெண்ணிடம் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது அந்த இருபது நிமிடத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதன் பிறகு என் வீடியோக்களைக் குறைத்துக்கொண்டு அவர்களுடையதைக் கேட்கத் தொடங்கினேன். முதல் வேலை பெர்கஷன், அதாவது விரலால் தட்டி ஒலியைக் கேட்பது. கன்னத்தை உப்பித் தட்டினால் காற்றின் ஒலி, தொடையில் தட்டினால் மட்டையான ஒலி, நெஞ்சில் தட்டினால் இரண்டுக்கும் நடுவே நிறைந்த ஒலி. தன் உடம்பிலேயே மூன்றும் கிடைக்கிறது. ஆனால் தான் கண்டுபிடித்தது சரியா என்று சோதித்துக்கொள்ள வழி வேண்டுமே? வழி சொன்னவன் புதுவயல் பையன். அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். "மேடம், வீட்டுல அரிசி டிரம்மைத் தட்டினா எதுவரைக்கும் அரிசி இருக்குன்னு தெரியுது" என்றான்.

எல்லோரும் வீட்டிலுள்ள டிரம்மை மேலிருந்து கீழாகத் தட்டி, ஒலி மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு நிமிட வீடியோ. கேமரா மணிக்கட்டு உயரத்தில் பக்கவாட்டில் இருக்கட்டும். முகம் வேண்டாம், கை போதும். ஆசிரியரே தேவையில்லை, டிரம் மார்க் போட்டுவிடுகிறது. கல்லீரலின் மேல் எல்லையைத் தேடும்போதும் இதே வேலைதான், நல்ல ஒலி மங்கும் இடத்தைப் பிடிப்பது.

வீடியோக்கள் வந்து குவிந்தன. வீட்டார் எல்லாம் பின்னணியில். "ஏன்டா டிரம்மை ஒடைக்கிற?" என்று ஒரு அப்பத்தாவின் குரல். திருமயத்துப் பையன் ஒருவனின் அப்பா கொத்தனார். மகன் தட்டுவதைப் பார்த்துவிட்டு, தரையில் கல் பாவியபின் அடியில் பொள்ளலாக இருக்கிறதா என்று தான் தட்டிப் பார்க்கும் விதத்தைச் செய்து காட்டியிருந்தார். பானை வாங்கும்போதும் பலாப்பழம் வாங்கும்போதும் தட்டிப் பார்க்கிற ஊர் நம்முடையது. இந்தப் பரிசோதனையை 1761-இல் புத்தகமாக எழுதிய ஔவன்புரூகர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன். அப்பாவின் மதுப்பீப்பாய்களைத் தட்டிப் பார்த்ததில் வந்த யோசனை என்று சொல்வார்கள். கொத்தனார் அதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

அந்த ஒரு நிமிட வீடியோக்களில் நான் கண்டவற்றை வார்டில் இத்தனை வருடமாகக் கண்டதில்லை. பாதிப் பேருக்கு மணிக்கட்டு அசையவில்லை, முழங்கையிலிருந்து சுத்தியல் மாதிரி அடித்தார்கள். சிலர் கீழே வைக்கும் இடது நடுவிரலை அழுத்திப் பதிக்கவில்லை. சிலர் மற்ற விரல்களையும் படியவிட்டு ஒலியை அமுக்கினார்கள். தட்டிய விரலை உடனே எடுக்காமல் அங்கேயே ஓய்வெடுக்க விட்டவர்கள் பலர். நகம் வளர்த்தவர்கள் விரல் நுனிக்குப் பதில் சதையால் தட்டினார்கள். வார்டில் பத்துப் பேர் நடுவே இதெல்லாம் கண்ணில் படாது. பதில் அனுப்ப ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. வீடியோவை நிறுத்தி, அந்த நொடியில் ஒரு வட்டம் போட்டு, குரல் பதிவில் ஒரே ஒரு திருத்தம். ஒன்றுக்கு மேல் சொன்னால் எதையும் செய்ய மாட்டார்கள், இது என் அனுபவம். மூன்றாவது சுற்றில் மணிக்கட்டு தானாக ஆடத் தொடங்கியது.

இனி எழுதுவது எனக்கு உவப்பான கதை இல்லை. 2022-இல், எல்லாம் பழைய நிலைக்கு வந்தபின், மண்ணீரல் மிகப் பெரிதாக வீங்கிய ஒருவரை வார்டில் வைத்து வீடியோ எடுத்தேன். அவர் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார். முகம் இல்லை, பெயர் இல்லை. மாணவர் குழுவில் மட்டும் போட்டேன். பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர் கட்டிலில் உட்காரவில்லை.

"டாக்டரம்மா, என் வயித்த ஊருல எல்லாரும் பாத்துட்டாகளாமே."

குழுவிலிருந்து யாரோ யாருக்கோ அனுப்பி, அது எங்கெங்கோ சுற்றி அவருடைய கிராமத்து போனுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. முகம் இல்லாமல் எப்படித் தெரிந்தது? முன்கையில் மனைவியின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார். அது ஃபிரேமுக்குள் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. முகத்தை மறைத்தால் ஆளை மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல விடுங்க" என்றார். அதற்குப் பின் அவர் வரவில்லை, வேறு ஊரில் பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன்.

கையெழுத்து வாங்கும்போது நான் அவரிடம், 'எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம்' என்று சொல்லியிருந்தேன். பல போன்களுக்குப் போய்விட்ட படத்தை எப்படித் திரும்ப வாங்குவது? காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து நோயாளிகளைப் படமெடுப்பதில்லை. பரிசோதனை முறையைக் காட்ட ஆரோக்கியமான ஆட்கள் போதும்: ஹவுஸ் சர்ஜன்கள், என் தம்பி, சில சமயம் நானே. அவர்களும் முகத்தோடு வரச் சம்மதித்தால் மட்டும்தான். பெண்ணைப் பரிசோதிக்கும் வீடியோ என்றால் கேமராவைப் பிடிப்பதும் பெண்தான். நோயின் அடையாளங்களை வார்டில், நோயாளியின் கட்டிலருகே, போன்களைப் பையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வீடியோவை வாட்ஸ்அப்பில் போடாமல் கல்லூரிக் கணக்கில் நுழைந்தால் மட்டும் பார்க்க முடிகிற இடத்தில், தரவிறக்க வசதியை அடைத்து வைக்கிறேன். திரையை இன்னொரு போனால் படமெடுப்பதை அதுவும் தடுக்காது என்பதால்தான் நோயாளிகள் அதில் இல்லை.

இப்போது வேலை இப்படிப் போகிறது. வார்டுக்கு வருவதற்கு முந்தைய இரவு நாலு நிமிட வீடியோ ஒன்று, முதலில் பேச்சில்லாமல், அப்புறம் விளக்கத்தோடு. நாலு நிமிடத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள், அதில் பத்து விநாடி ஐந்தாகிவிடுகிறது. காலையில் வார்டில் வீடியோவைப் பற்றிப் பேச்சே கிடையாது, நேராகக் கை. மாலைக்குள் அறைத்தோழன் மேல் செய்த ஒரு நிமிட வீடியோ எனக்கு வர வேண்டும். அறுபது வீடியோவை ஒரு ஆள் பார்க்க முடியாது என்பதால், ஒருவருடையதை இன்னொருவர் பார்த்து வட்டம் போட்டு அனுப்புகிறார்கள். நான் பத்தை மட்டும் பார்ப்பேன்.

போன மாதம் என்னிடம் வந்தவை பதினொன்று. பத்து மாணவர்களுடையது. பதினொன்றாவதில் இருந்தது என் கை. வார்டில் நான் ஹவுஸ் சர்ஜன் ஒருவரின் முதுகில் தட்டிக் காட்டியபோது, அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மாணவி எடுத்திருக்கிறாள். ஆறாவது நொடியில் நிறுத்தி ஒரு சிவப்பு வட்டம். கூடவே குரல் பதிவு: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முழங்கை ஆடுது."

நாலு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆடத்தான் செய்கிறது.